ஆறாத இரும்பில் மஞ்சள் தண்ணீர்

தெருவில் டீசல் புகை வந்தால் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். எனக்கு என் மாமியார் ஞாபகம் வருகிறது. ராகு காலத்தைக் கண்டால் அவருக்கு வரும் பயம் எமனைக் கண்டால்கூட வராது. எழுபதுகளின் தொடக்கத்தில், நாங்கள் தி.நகரில் குடியிருந்தபோது, அந்தப் பயம் எங்கள் பிழைப்பையே பதம் பார்த்தது.

திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம் எங்களுடையது. என் நகைகளை விற்றுப் பழைய டீசல் வேன் ஒன்று வாங்கியிருந்தோம். ஒரு ஜவுளிக்கடையில், தீபாவளி வரை துணி மூட்டைகளை ஏற்றி வரும் வேலையைக் கொடுத்தார்கள். விஜயதசமிக்கு மறுநாள் காலையில் முதல் லோடு. வண்டி வராவிட்டால் வேறு ஆள் என்று முதலாளி கறாராகச் சொல்லியிருந்தார்.

ஆயுத பூஜையன்று என் கணவர் ஒரு சவாரி முடித்து வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியபோது ராகு காலம் நெருங்கிவிட்டது. மாமியார் மஞ்சள் தண்ணீர்ச் செம்போடு வாசலிலேயே நின்றிருந்தார்.

"அத்தை, எஞ்சின் கொதிக்குது. கொஞ்சம் ஆறட்டும்" என்றேன்.

"நீ சும்மா இருட்டி. அது ஆறுத வரைக்கும் ராகு காலம் காத்துக்கிட்டு நிக்குமா?"

அவர் தீர்ப்புக்கு எங்கள் வீட்டில் அப்பீல் கிடையாது. என் கணவர் வாயில் கொழுக்கட்டையை வைத்தவர்போல பானெட்டைத் திறந்துவிட்டு ஒதுங்கினார். மாமியார் செம்பைக் கவிழ்த்தார். குபீரென்று ஆவி. பிறகு 'டக்' என்று ஒரு சத்தம். எஞ்சினின் புகையை வாங்கி வெளிக்குழாய்க்கு அனுப்பும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டில் விரிசல் ஓடியிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் திருஷ்டி சுற்ற வாங்கி வைத்திருந்த பூசணிக்காயை யார் தலையில் உடைத்திருப்பேன் என்று சொல்ல மாட்டேன்.

அன்று எந்தப் பட்டறையிலும் கருவியைத் தொட மாட்டார்கள். மறுநாள் காலையில் மேனிஃபோல்டைக் கழற்றி ராயப்பேட்டையில் ஒரு வெல்டரிடம் கொண்டுபோனோம். மாமியாரும் பிடிவாதமாகக் கூடவே வந்தார். வெல்டர் அதைக் கரியடுப்பில் நிதானமாகச் சுட வைத்து, ஒட்டி, சாம்பல் நிரம்பிய டின்னில் புதைத்தார்.

"இப்ப கைய வெக்காத நைனா. தானா ஆறணும். அவசரப்பட்டா மறுபடியும் விரிசல் வுட்டுக்கும்."

மதியம் தாண்டியது. இருட்டுவதற்குள் மாட்டியாக வேண்டுமே என்று என் கணவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. டின் பக்கம் அவர் நகர்ந்தபோதெல்லாம் மாமியார் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு குறுக்கே நகர்ந்து உட்கார்ந்தார்.

"ஆறட்டும்லே." காலையிலிருந்து அவர் பல்லில் பச்சைத் தண்ணீர் படவில்லை. என் ஆத்திரம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. டீ வாங்கி வந்து நீட்டினேன். வேண்டாம் என்றுவிட்டார்.

அந்தி நேரத்தில் அது கைபொறுக்கும் சூட்டுக்கு வந்தது. மறுநாள் லோடு தவறவில்லை. தீபாவளிக்குப் பிறகும் அந்தக் கடை எங்களை விடவில்லை.

தப்பு என்று மாமியார் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எதிர்பார்த்து எதிர்பார்த்து நானும் சலித்துப்போனேன். அடுத்த ஆயுத பூஜைக்கும் வண்டி சூட்டோடுதான் வந்தது. ராகு காலம் வரப்போகிறது என்று நானே நினைவூட்டினேன், கொஞ்சம் குத்தலாகத்தான். அவர் குங்குமத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு வண்டியருகே முக்காலியில் உட்கார்ந்தார். ராகு காலம் வந்தேவிட்டது. எழுந்து பானெட்டின்மேல் புறங்கையை வைத்துப் பார்த்தார். "இன்னும் ஆறலை" என்று மறுபடியும் உட்கார்ந்துகொண்டார்.

நான் உள்ளே போய் இன்னொரு முக்காலியை எடுத்துவந்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டேன்.