ஒரு சொம்பு உப்புக்கஞ்சி

என் அக்கா அமராவதி மரக்காணம் உப்பளத்தில் இருபத்தோரு வருஷம் உப்பு வாரினாள். என்னைக் கல்லூரிவரை படிக்க வைத்தது அவள்தான்.

உப்பளத்தில் பெண்கள் ஒதுங்க மறைவு கிடையாது. கண்ணுக்கு எட்டிய தூரம் வெள்ளைப் பாத்திகள்தான். அதனால் விடியற்காலை வேலைக்கு இறங்கினால் மதியம் கரையேறும்வரை அவர்கள் தண்ணீர் குடிப்பதில்லை. அக்காவும் குடித்ததில்லை. நாற்பத்து நாலாம் வயதில் அவளுடைய இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்தன. இதனால்தானா என்று கேட்டேன். இருக்கலாம், வெயிலும் காரணமாக இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

செவ்வாயும் வெள்ளியும் புதுச்சேரியில் டயாலிசிஸ். நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது. உப்பு கூடவே கூடாது.

"உப்பளத்துக்காரிகிட்ட உப்பைத் தொடாதேன்றீங்களே சார். எங்க ஓனருக்குத் தெரிஞ்சா உங்க மேல கேஸ் போட்டுடுவாரு."

டாக்டர் சிரித்துவிட்டார். ஆனால் அக்கா உப்பில்லாத சோற்றை இரண்டு வருஷம் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. அந்த வெள்ளிக்கிழமை, அக்காவின் கணவர் நடராசன் மாமா அவளை பைக்கில் கூட்டிப் போனார். கோட்டக்குப்பம் தாண்டி புதுச்சேரி எல்லையில் போலீஸ்காரர்கள் மறித்தார்கள்.

"பாஸ் இருக்கா?"

"ஆஸ்பத்திரி நோட்டு இருக்குது சார். இன்னிக்கு ரத்தம் சுத்தம் பண்ற நாளு."

"ஏம்பா, நான் உட்டாலும் அந்தப் பக்கம் உட மாட்டாங்க. பாஸ் வாங்கிட்டு வா."

செவ்வாய்க்கிழமையும் அதேதான். நான் செல்போனில் பாஸுக்கு விண்ணப்பித்தேன். நோட்டின் படம் தெளிவாக இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். புதன்கிழமை வீட்டில் சிக்னல் கிடைக்காமல் பெரிய ரோட்டுக்குப் போய் நின்று மறுபடியும் அனுப்பிவிட்டு வந்தேன்.

அதற்குள் அக்கா மயங்கி விழுந்திருந்தாள். அவளோடு வேலை செய்த சகாயமேரி ஓடி வந்திருக்கிறாள். உப்பளத்தில் யார் மயங்கி விழுந்தாலும் கஞ்சித் தண்ணீரில் ஒரு கை உப்பைக் கரைத்துக் கொடுப்பார்கள். வேர்த்துத் துவண்டவர்கள் அதில் எழுந்துவிடுவார்கள். நான் உள்ளே நுழைந்தபோது சொம்பு பாதி காலியாகியிருந்தது.

"மூஞ்சி தெளிஞ்சிடுச்சி பாரு ரேணு. மிஷினாம் மிஷினு" என்றாள் சகாயமேரி.

"அக்கா, வேணாம்க்கா."

"வுடுடி. நாக்குல உப்பு பட்டு ரெண்டு வருஷமாவுது."

எனக்குத் தெரியும். ஒரு வாரமாக அவள் உடம்புக்குள் போன தண்ணீர் வெளியேறவில்லை. கால்கள் வீங்கிப் பளபளத்தன. சொம்பைப் பிடுங்கியிருக்கலாம். அவ்வளவு ஆசையாகக் குடித்தாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

விடிவதற்குள் மூச்சுத் திணறல். படுக்க முடியாமல் என் தோளில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தாள். ஆட்டோ கிடைத்துக் கிளம்பும்போது மணி எட்டு. அனுமந்தை தாண்டும்போது அவள் தலை என் மேல் கனத்தது. பாஸ் பத்தேகாலுக்கு வந்தது. பெயர், வயது எல்லாம் சரியாக இருந்தது.

போன மாதம் சந்தியா என்ற டாக்டர் வீட்டுக்கு வந்தார். கொரோனா காலத்தில் டயாலிசிஸ் நோயாளிகளுக்கு என்ன ஆனது என்று ஆராய்ச்சி செய்கிறாராம். சகாயமேரியும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தக் கஞ்சியைப் பற்றி அவளிடம் இன்றுவரை நான் எதுவும் சொன்னதில்லை.

"எத்தனை டயாலிசிஸ் மிஸ் ஆச்சுங்க?"

"ரெண்டு."

"என்ன காரணம்?"

"பாஸ் கிடைக்கல."

அவர் படிவத்தில் டிக் அடித்தார். "கடைசி நாள்ல சாப்பாடு, தண்ணியெல்லாம் எப்படி?"

நான் வாய் திறப்பதற்குள் சகாயமேரி முந்திக்கொண்டாள்.

"அதுல ஒரு கொறையும் இல்லம்மா. என் கையால ஒரு சொம்பு உப்புக்கஞ்சி குடுத்தேன். வயிறு நெறைய குடிச்சிட்டுதான் போச்சு. எனக்கு அந்தத் திருப்தி போதும்."

டாக்டரின் பேனா நின்றது. அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எதுவும் சொல்லிவிடாதீர்கள் என்று லேசாகத் தலையசைத்தேன். அவர் குனிந்து எழுதினார். நிறைய நேரம் எழுதினார்.