ஒன்பதின் மேல் ஒரு சிவப்பு அம்பு

குறை கண்டுபிடிப்பதுதான் என் தொழில். திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் பிரிவு என் பொறுப்பில் இருந்தது. தையல் விட்டுப்போன இடம், எண்ணெய்க் கறை, பொத்தல், எது கண்ணில் பட்டாலும் அம்புக்குறி போட்ட சின்னச் சிவப்பு ஸ்டிக்கரை அதன் பக்கத்தில் ஒட்டுவோம். பீஸ் ஆல்ட்ரேஷனுக்குப் போய்விடும். தூக்கத்தில்கூட என் கட்டைவிரல் ஸ்டிக்கர் உரிக்கிறது என்று வீட்டுக்காரர் கேலி செய்வார்.

வீட்டில் அந்த வேலையை மாமனார் பார்த்தார். ரசத்தில் புளி ஏறியிருக்கும், கோலத்தில் ஒரு கோடு கோணியிருக்கும். நான் தூத்துக்குடிப் பக்கம். பனியன் கம்பெனி வேலைக்கு வந்த இடத்தில் அவர் மகனைக் காதலித்துக் கட்டிக்கொண்டேன். மாமா குறுக்கே நிற்கவில்லை. ஆனால் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை என்னிடம் பேசியதும் இல்லை. விருந்தாளியிடம் பேசுவதுபோல அளந்து பேசுவார். எனக்கு அதுதான் ஆறாத வருத்தம்.

பழைய காசு என்றால் அவருக்கு உயிர். வெள்ளைக்கார ராஜாவின் தலை போட்ட வெள்ளி ரூபாய்களை வருஷவாரியாக ஆல்பத்தில் சேர்த்திருந்தார். 1939க்கான இடம் மட்டும் காலி. லேசில் கிடைக்காத காசு அது. அவர் பிறந்த வருஷமும் அதுதான். நான் சொல்கிற 2009இல் அவருக்கு எழுபது நிறைகிறது. அந்தக் காலி இடத்தை நான் நிரப்பிவிட்டால், இந்த மனுஷர் என்னைத் தன் வீட்டுப் பெண்ணாக நினைத்துவிடுவார் என்று நம்பினேன்.

ஆன்லைன் ஏலம் ஒன்றில் அது கிடைத்தது. போட்டோவில் ராஜா பளிச்சென்று இருந்தார். பிடிக்கவில்லையென்றால் ஒரு வாரத்துக்குள் திருப்பி அனுப்பலாம் என்று போட்டிருந்தார்கள். பார்சலை வீட்டுக்கு வரவிடாமல் கம்பெனி விலாசத்துக்கே வரவழைத்தேன்.

வந்ததும் சும்மா இருப்போமா? ஏற்றுமதிக்குப் போகிற சட்டையை எப்படிச் சோதிப்போமோ அப்படியே அதையும் சோதித்தோம். முதலில், உடைந்த ஊசி துணிக்குள் தங்கியிருந்தால் அலறுகிற நீடில் டிடெக்டர். காசு அதன் பெல்ட்டில் சத்தமில்லாமல் ஊர்வலம் போய் இறங்கியது. உள்ளே இரும்பு இல்லை. அடுத்தது, துணியை வட்டமாக வெட்டி எடை பார்க்கிற தராசு. பதினொன்றரை கிராமுக்குச் சற்று மேல். ஓரளவு தேய்ந்த ரூபாய்க்குச் சரியான எடைதான். ஆனால் எடை பார்க்கிற அண்ணன் எதைக் கண்டாலும் நூறால் பெருக்குகிற ஆள். சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்கிற துணிக்கணக்குதான் அவருக்குக் கணக்கு.

"ஏனுங்கம்மா, ஆயிரத்து நூத்தறுபது ஜி.எஸ்.எம். வருதுங்க! இதுல பனியன் தெச்சா, போட்டவன் எந்திரிக்கவே முடியாதுங்க" என்றார். செக்கிங் மேஜை முழுக்கச் சிரிப்பு. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

கடைசியாக, துணியில் இழை எண்ணுகிற லென்ஸை வைத்து வருஷத்தைப் பார்த்தேன். மற்ற மூன்று எண்களும் தேய்ந்து மழுங்கியிருந்தன. கடைசி ஒன்பது மட்டும் ஒரு பக்கம் கூராக நின்றது. அதை ஒட்டிய இடத்தில் சன்னமாகச் சுரண்டல் கோடுகள். எட்டின் கீழ்ச்சுழியில் இடது பக்கத்தைச் சுரண்டி ஒன்பதாக்கியிருக்கிறார்கள். வெள்ளி அசல், ராஜா அசல், வருஷம் மட்டும் பொய்.

நான் சுதாரிப்பதற்குள் என் கட்டைவிரல் தன் வேலையைச் செய்துவிட்டது. அந்த ஒன்பதின் மேல் ஒரு சிவப்பு அம்பு!

உரித்தால் வெள்ளியில் கீறல் விழுமோ என்று பயம். காசின் முகத்தில் விரல் பட்டாலே மாமா துடித்துப்போவார். ஸ்டிக்கர் ஒட்டிய காசை விற்றவனும் திரும்ப வாங்க மாட்டான். பக்குவமாக உரித்து, ஒன்றும் தெரியாததுபோல மாமாவிடம் நீட்டியிருக்கலாம். அவர் கண்ணில் புரை விழ ஆரம்பித்திருந்தது. ஆனால் தெரிந்தே ஒரு தப்புப் பீஸை பாஸ் பண்ண எனக்கு மனசு வரவில்லை.

எழுபது நிறைந்த அன்று வீடெல்லாம் சொந்தக்காரர்கள். மாமியார் அடுப்படியில் பாயசம் கிண்டிக்கொண்டிருந்தார். நான் மாமாவின் அறைக்குப் போய், காசை அம்போடு அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"மாமா, உங்களுக்குன்னு ஆசையா வாங்குனேன். ஏமாந்துட்டேன். எட்டை ஒன்பதாக்கி வித்திருக்கான்" என்றேன்.

அவர் பூதக்கண்ணாடியை எடுத்து அம்பு காட்டிய இடத்தை வெகுநேரம் பார்த்தார். தோள் குலுங்கியது. பதறிப்போய்க் குனிந்தேன். மனுஷர் சத்தம் வராமல் சிரித்துக்கொண்டிருந்தார்! கண்ணில் தண்ணீர் வேறு.

"அம்மிணி, கதவைச் சாத்து" என்றார். சாத்தினேன்.

"இதையத் திருப்பி அனுப்பிப்போடாத. இது அப்படியே என்னையாட்ட. பள்ளிக்கொடத்துல சேத்துனப்ப வாத்தியாரு என்னையும் இப்பிடித்தான் முப்பத்தெட்டுல இருந்து முப்பத்தொம்போதாக்கிப்போட்டாரு. நானும் இத்தன வருசமா அப்பிடியே ஓட்டிட்டேன். எழுவதெல்லாம் எனக்குப் போன வருசமே முடிஞ்சுது கண்ணு!"

நானும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். வெளியே யாரோ எழுபது விளக்கு ஏற்றத் திரி போதுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். மாமா காசை அம்போடு ஆல்பத்தின் காலி இடத்தில் சொருகினார். பிறகு உதட்டில் விரல் வைத்து, அடுப்படிப் பக்கம் கண்ணைக் காட்டினார். கூட வாழ்ந்த மாமியாருக்கும் அது தெரியாது, பெற்ற மகனுக்கும் தெரியாது. என்னிடம்தான் சொன்னார்.