அக்கா பட்டினி போட மறுத்த கத்தரிச் செடிகள்

என் அக்காவுக்கு யார் பசியோடு இருந்தாலும் பொறுக்காது. ஒரு தொழிற்சாலை கேன்டீனில் பதினெட்டு வருஷமாகச் சமைக்கிறாள். "போதும்" என்று தட்டை மறைக்கிற கையை விலக்கிவிட்டு இன்னொரு கரண்டி வைப்பாள். கேன்டீன் பூனையால் மதில் ஏற முடியாது. அவள் கணவர், என் மாமா, எழுந்தால் நாற்காலியும் கூடவே எழும். அங்கேயே காய் நறுக்குகிற என் உடம்பில் மட்டும் எதுவும் ஒட்டவில்லை. அது அவளுக்குத் தீராத மனக்குறை.

கேன்டீனுக்குப் பின்னால் பழைய பேட்டரி உடைக்கிற கொட்டகை இருந்தது. அதை இடித்ததும், மேலாளரிடம் கெஞ்சி அந்த இடத்தில் கத்தரித் தோட்டம் போட்டாள். முதல் காயைச் சமைக்கும் முன்பே சோதனைக்கு எடுத்துப்போனார்கள். மண்ணில் தங்கிப்போன பேட்டரி ஈயம் காயில் அளவுக்கு மேல் இருந்தது.

"இன்னும் ஒரு தடவை பாப்போம். அப்பவும் இப்படித்தான்னா, சிமெண்ட் போட்டு வண்டி நிறுத்திடுவோம்" என்றார் மேலாளர். அக்கா அன்று சாப்பிடவில்லை.

மண் பரிசோதனைக் கூடத்திலிருந்து ஓர் அம்மா பொட்டலத்தோடு வந்தார்.

"இது வேர்ல வாழற பூசணம். ஈயத்த வேர்லயே புடிச்சு வெச்சுக்கும். காய்க்குப் போறது குறையும்."

"பூசணமா?" அக்கா இரண்டடி பின்வாங்கினாள். "பூசணம் புடிச்சத என் சமையக்கட்டுல ஒரு நிமிஷம் வெச்சதில்லம்மா!"

"இது நல்ல பூசணம். ஆனா உரம் மட்டும் போட்டுடாதீங்க. செடிக்குப் பசிச்சாத்தான் இதச் சேத்துக்கும். வயிறு ரொம்பிட்டா கண்டுக்காது."

பழைய செடிகளைப் பிடுங்கிவிட்டு, பொட்டலத்தை மண்ணில் கலந்து நாலு வரிசை புதிதாக நட்டோம். மூன்று அக்காவுக்கு. மதிலோர வரிசை மாமாவுக்கு, சும்மா கிடக்கிற மனுஷன் ஏதாவது செய்யட்டுமே என்று. அவர் தண்ணீர் மட்டும் ஊற்றினார், அதுவும் நான் கத்துகிற நாளில்.

ஒன்றரை மாதத்தில் அக்காவின் செடிகள் கொழுகொழுவென்று நின்றன. எனக்கு அப்போதே சந்தேகம். ஒருநாள் காலையில் மாவு டப்பாவோடு தோட்டத்துக்குள் நுழைந்தவளைப் பிடித்தேன். டப்பாவில் உரம்.

"ஒரு புடிதான்டி. வாடிப்போயி என் மொகத்தையே பாக்குதுங்க."

"தினமுமா?"

"காலைல ஒரு புடி... சாயங்காலம் ஒரு புடி."

"அடிப்பாவி! உன்னத் திருத்தவே முடியாது!" என்று கத்தினேன். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

காய்த்ததும், காயும் வேரும் சோதனைக்குப் போயின. முடிவோடு அந்த அம்மாவும் மேலாளரும் சமையலறைக்கே வந்தார்கள்.

"மூணு வரிசை வேர்ல பூசணம் ஏறவே இல்ல. காய்ல ஈயம் அப்படியே இருக்கு."

அக்கா மேடையைப் பிடித்துக்கொண்டாள்.

"மதிலோரத்துல மட்டும் வேர் முழுக்கப் பூசணம். காய் அளவுக்குள்ள வந்திருக்கு. அத யாரு பாத்துக்கிட்டீங்க? என்ன செஞ்சீங்க?"

மாமா திருதிருவென்று விழித்தார். "நான் ஒண்ணுமே செய்யலீங்க."

"அதத்தாங்க செய்யச் சொன்னேன்!"

மேலாளர் சிரித்துவிட்டார். இடத்தை விட்டுவைப்பதாகவும், மதிலோரக் காயைச் சமைக்கலாம் என்றும் சொன்னார். "ஆனா இனிமே தோட்டம் இவர் பொறுப்பு. நீங்க வேலிக்குள்ள காலே வெக்கக் கூடாது."

இருபது வருஷமாகச் சோம்பேறி என்று திட்டு வாங்கிய மனிதர் நெஞ்சை நிமிர்த்தி உள்ளே போனார். அக்கா வேலிக்கு வெளியே நின்று கூடையை வாங்கினாள்.

"இம்மாம் சின்னதா இருக்கேடி..." என்று மூக்கை உறிஞ்சினாள்.

மதியம் ஆளுக்கு ஒரு துண்டுதான் தேறியது. யாரையும் பரிமாற விடாமல் அவளே தட்டுத் தட்டாகப் போனாள். ஒவ்வொருவரிடமும் குனிந்து, "பயப்படாம சாப்பிடுப்பா" என்றாள்.