உள்சுவரிலும் வெளிச்சுவரிலும் ஒரே முகம்

நூத்தாவின் கணவன் ஃபேயோ நகர்மன்றத்தின் வெளிச்சுவரில் தலைகீழாகத் தொங்கினான். ஆள் அல்ல, ஓவியம். எங்கள் மோந்தர்சோ நகரில் துரோகி கையில் சிக்காவிட்டால் இப்படித்தான் வரைந்து வைப்பார்கள்: ஒரு காலில் கயிறு, வெளியே தள்ளிய நாக்கு, கீழே பெரிய எழுத்தில் பெயர்.

எதிரிகள் ஆற்றுப் பக்கக் கோட்டை வாசல் வழியே புகுந்த அன்று, அதன் சாவி மன்றத்துப் பெரியவர் ஒருவரின் வீட்டில் இருந்தது. வாசல் கூட்டும் ஃபேயோவிடம் இருந்தது துடைப்பம். பயந்து ஓடினான்; ஓடியதால் வாசலைத் திறந்துவிட்ட குற்றவாளி ஆனான். சாவி வைத்திருந்தவரை யாரும் வரையவில்லை.

நூத்தா கம்பளி அலசுகிறவள். தினமும் அந்தச் சுவரைக் கடந்துதான் ஆற்றுக்குப் போக வேண்டும். முதல் மாதம் தலை குனிந்து போனாள். பிறகு குனியவும் இல்லை, நிமிரவும் இல்லை, போனாள், அவ்வளவுதான். மகள் லாப்பாவைப் பெண் கேட்டிருந்த சாயக்காரர் வீட்டார் சொல்லிவிட்டார்கள்: "அந்தப் படம் அழியட்டும், மறுநாளே மோதிரம் போட்டுடலாம்."

ஓவியன் வான்னி ஆற்றங்கரைக்கு வந்தான்.

"அக்கா, வெளியில தொங்குறதை நான்தான் வரைஞ்சேன். ஆள் அடையாளம் தெரியணும்னு உத்தரவு. ஆனா உள்ள மண்டபச் சுவர்ல, நம்ம ஊரை உண்டாக்குனதா பழங்கதை சொல்ற ட்ராய் நகரத்து வீரன் நிக்கிறானே, அதுவும் உன் புருஷன்தான். ஒரு குடம் மதுவுக்கு நாலு நாள் என் முன்னாடி அசையாம நின்னான்."

"வீட்ல ஒரு ஜெபம் சொல்ற நேரம் நின்னதில்ல அவன்."

"அந்த மூஞ்சி முன்னாடிதான் பெரியவங்க சத்தியம் பண்றாங்க. சொல்லிப் பாரு. வெட்கப்பட்டாவது வெளியில அழிச்சிருவாங்க."

நூத்தா மனு கொடுத்தாள். மன்றத்தார் உள்ளே பார்த்தார்கள், வெளியே வந்து பார்த்தார்கள். ஒருவர் கழுத்தைத் திருகித் தலைகீழாகவும் பார்த்தார்.

"அட, அதே மூக்குய்யா! வாசல் கூட்டறவன் முன்னாடியா இத்தனை நாள் சத்தியம் பண்ணோம்?"

ட்ராயிலிருந்து ஒருவன் வந்து இந்த ஊரைக் கட்டினான் என்பதற்கு ஒரு கல்கூடச் சாட்சி இல்லை. அவன் முகத்தைக் கண்டவர் எவருமில்லை. ஆனாலும் அது ஏழையின் முகமாக இருக்கக் கூடாதாம்! மூன்றே நாளில் உள்சுவரைச் சுரண்டினார்கள். புது முகத்துக்கு நின்றவன் மன்றத் தலைவரின் மருமகன். இப்போது அந்தக் குடும்பமே தன்னை ட்ராய் வம்சம் என்கிறது.

வெளிச்சுவரை யாரும் தொடவில்லை.

"மன்னிச்சுக்கோக்கா," என்றான் வான்னி.

"ம். அந்தக் கூடையை இப்படித் தள்ளு."

ஈஸ்டருக்குள் சாயக்காரர் மகனுக்கு வேறு இடத்தில் நிச்சயமானது. லாப்பா அம்மாவோடு கம்பளி அலசப் போகிறாள். இருவரும் அந்தச் சுவரை ஒட்டியே நடக்கிறார்கள். அங்கேதான் நிழல் இருக்கிறது.