மதியத்திலும் கரையாத பனி

போன மாதம் ஒரு காலை. இத்தலாரில் பாலிஹவுஸ் போட்டு கார்னேஷன் பூ வளர்க்கும் செல்வி அக்காவிடமிருந்து போன்.

“ஏனுங்க மேடம், பாலிஹவுஸுக்குள்ள பனி விழுந்துருச்சுங்க. மண்ணெல்லாம் வெள்ளை வெளேர்னு கெடக்குது. செடி வேற நுனி கருகுது.”

இந்தச் சீசனில் ஊட்டிப் பக்கம் பனியில் புல் வெளுப்பது யாருக்கும் செய்தி இல்லை. ஆனால் பிளாஸ்டிக் கூரைக்கு உள்ளேயா? பக்கத் திரை எங்காவது கிழிந்திருக்கும் என்று நினைத்தேன். பூ விவசாயிகளுக்கு ஆலோசனை சொல்வதுதான் என் வேலை. பார்க்க வேண்டியவற்றை பஸ்ஸிலேயே பட்டியல் போட்டுவிட்டேன் — திரை, கதவிடுக்கு, வெப்பமானி. பட்டியல் இல்லாமல் எனக்குக் காலை விடியாது.

போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. உள்ளே வேர்த்துக் கொட்டியது. பாத்தி ஓரங்களில் வெள்ளை அப்படியே இருந்தது.

உச்சி வெயிலில் கரையாத பனியா?

நான் தடுப்பதற்குள் அக்கா அதை விரலில் தொட்டு நாக்கில் வைத்துவிட்டார். முகம் கோணியது.

“உப்புங்க மேடம்.”

மண்ணைத் தண்ணீரில் கலக்கி, உப்பை அளக்கும் மீட்டரை விட்டேன். மீட்டர் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். கழுவித் துடைத்து மறுபடி விட்டேன். அதே எண். கார்னேஷன் தாங்கும் அளவைப் போல இரண்டு மடங்கு.

“நாலு பாத்தியையும் புடுங்கிரட்டுங்களா? இவரு காலையிலிருந்து மம்பட்டியோட நிக்கறாரு.”

‘இவர்’ அக்காவின் கணவர். அவர்களிடம் இருப்பதே அந்த நான்கு பாத்திதான். இரண்டு வருடம் பூக்க வேண்டிய செடிகள். முதல் பூ இப்போதுதான் வந்திருந்தது.

“என்னக்கா பண்ணுனீங்க?” என்றேன். குரலில் கொஞ்சம் அதட்டல் இருந்திருக்கலாம்.

“நீங்க எழுதிக் குடுத்ததைத்தானுங்க.”

கதவருகே தூணில், செடி நட்டபோது நான் எழுதிக் கொடுத்த பட்டியல். லேமினேட் செய்து மாட்டியிருந்தார். பத்துக் குறிப்புகள். மூன்று: தினமும் சொட்டுநீரில் உரம். நான்கு: தண்ணீரைச் சிக்கனமாக விடவும் — அடியில் இரண்டு கோடு. பக்கத்திலேயே ஒரு நோட்டு. அதில் தினமும் பத்து டிக்.

பதினோராவது குறிப்பு இல்லை.

உரமும் ஒரு வகை உப்புதான். செடி எடுத்தது போக மிச்சம் மண்ணில் தங்கும். திறந்தவெளியில் மழை அதைக் கழுவிவிடும். கூரை போட்டு மழையைத் தடுத்தவர்கள், அவ்வப்போது வெறும் தண்ணீரைத் தாராளமாக விட்டு உப்பை வேருக்குக் கீழே இறக்க வேண்டும். கல்லூரியில் படித்து மார்க் வாங்கிய பாடம். எழுத மறந்திருக்கிறேன்.

வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

“தப்பு என்னுதுதாங்கக்கா.”

கணவர் மம்பட்டியைக் கீழே வைத்தார். “அப்ப செடியை உட்டுட்டு, பட்டியலைப் புடுங்கலாமுங்களா?”

உரத்தை நிறுத்தினோம். குட்டையில் சேர்த்து வைத்திருந்த மழைத் தண்ணீரை மூன்று நாளைக்கு, இடையிடையே நிறுத்தி, பாய்ச்சினோம். வடிகாலில் வந்த தண்ணீரைச் சோதிக்கச் சோதிக்க எண் இறங்கியது. மூன்று பாத்திகளில் இப்போது புதுத் துளிர். நான்காவது பிழைக்கவில்லை. அக்காவின் கணவர் அதைப் பிடுங்கும்போது பக்கத்திலேயே நின்றேன். நிற்க வேண்டும் என்று தோன்றியது.

பட்டியலில் இருப்பதைச் செய்ததும் டிக் போடுகிறோம். இல்லாததற்கு எங்கே போடுவது?

நேற்றுக் காலை மறுபடி அக்காவின் போன். மீட்டரைப் பைக்குள் போட்டுக்கொண்டே எடுத்தேன்.

“மேடம், வெளியில புல்லெல்லாம் வெள்ளையா இருக்குதுங்க. பயப்படாதீங்க... நக்கிப் பாத்துட்டேன். பனிதானுங்க.”