திருப்பித் தரமுடியாத இருநூற்றுப் பத்து மார்க்

லிஃப்ட்காரருக்கு ஐம்பத்துநாலு வயது. பன்னிரண்டு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றின் நான்கு லிஃப்டுகளின் பராமரிப்பும் இருபத்தாறு வருடமாக அவர் கையில்தான். நேர்மை என்றால் அப்படியொரு நேர்மை. ஒருமுறை பழுது பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தவர், சட்டைப் பையில் ஒரு திருகாணி தட்டுப்படவே, கையைக் கழுவிக்கொண்டு திரும்பப் போய் மாட்டிவிட்டு வந்தார். அப்படிப்பட்டவரை மகளின் நுழைவுத் தேர்வு மார்க் படுத்தியெடுத்ததில் ஆச்சரியமில்லை.

கம்ப்யூட்டரில் எழுதும் தேர்வு அது. முப்பது கேள்வி, மார்க் இருநூறில் தொடங்கி எண்ணூறில் முடியும். எழுதிவிட்டு வந்த மகளின் முகம் தொங்கிப்போயிருந்தது.

“போகப் போகக் கேள்வி கழுத்தை நெரிக்குதுப்பா. பதினஞ்சு சரியா இருந்தாலே பெரிய விஷயம்.”

ஒரு வாரத்தில் மார்க் வந்தது: எழுநூற்றுப் பத்து. மனைவி மகளைக் கட்டிக்கொண்டாள். லிஃப்ட்காரர் செய்தித்தாளின் ஓரத்தில் கணக்குப் போட்டார். பாதி சரி என்றால் ஐந்நூறுதானே வரவேண்டும்? மீதி இருநூற்றுப் பத்து யாருடையது?

மறுநாள் காலை லீவு போட்டுவிட்டுத் தேர்வு மையத்துக்குப் போனார். ஏ.சி. குளிருக்குச் சால்வை போர்த்திக்கொண்டிருந்த பொறுப்பாளர் அம்மாளிடம் நேரே விஷயத்துக்கு வந்தார்.

“மேடம், என் பொண்ணுக்கு இருநூத்திப் பத்து மார்க் கூட விழுந்திருக்கு. எடுத்துக்குங்க.”

அந்த அம்மாள் புகார்ப் படிவத்தை எடுத்து இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தாள். “குறைஞ்சுபோச்சுன்னு கேக்கத்தான் சார் ஃபாரம் இருக்கு. கூடிப்போச்சுன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் வரல.”

“அப்ப ‘குறைவு’ங்கறதை அடிச்சுட்டு ‘அதிகம்’னு எழுதிக் குடுக்கட்டுமா?”

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். “சார், மிஷின் எத்தனை சரின்னு மட்டும் எண்ணாது. நடுத்தரமான கேள்வியில ஆரம்பிக்கும். சரியாச் சொன்னா கஷ்டமானது வரும், தப்பாச் சொன்னா லேசானது வரும். முதல்ல பெரிசு பெரிசாத் தாவும், அப்புறம் சின்னச் சின்ன அடியா வைக்கும். எந்த உயரத்துல நீங்க பாதி சரி, பாதி தப்புன்னு திணறுறீங்களோ, அதுதான் உங்க மார்க். உங்க பொண்ணு உச்சாணியில நின்னு திணறியிருக்கா.”

“திணறுறதுக்கா மார்க்கு?”

“எங்க திணறுறோம்ங்கறதுக்கு. நம்பலைன்னா நீங்களே எழுதிப் பாருங்க. வயசு வரம்பு கிடையாது.”

ஆளைக் கிளப்பிவிடத்தான் சொன்னாள். அவரோ அங்கேயே பெயர் பதிந்துவிட்டுப் போனார்.

பழுது பார்த்த லிஃப்டை மணல்மூட்டை ஏற்றிச் சோதிப்பது அவர் வழக்கம். மிஷினையும் அப்படியே சோதிக்கத் தீர்மானித்தார். முதல் பத்துக் கேள்விக்கும் வேண்டுமென்றே தப்பாக விடை சொல்வது. அப்புறம் இருபதையும் சரியாகச் சொல்வது. இருபது சரிக்கு மகளின் பதினைந்து சரியைவிட மார்க் குறைந்தால் அந்த அம்மாள் சொன்னது நிஜம். தெரிந்த விடையை விட்டுவிட்டுத் தப்பானதைத் தொட ஒவ்வொரு முறையும் அவர் விரல் கூசியது. பதினோராவது கேள்வியில், ஐந்து பழத்தில் இரண்டைத் தின்றால் மீதி எத்தனை என்று மிஷின் கேட்டது. கரிசனமாகக் கேட்பது போலிருந்தது அவருக்கு. அங்கிருந்து ஒவ்வொன்றாகச் சரியாகச் சொல்லிக்கொண்டு வந்தார்; கேள்விகளும் மூச்சு வாங்கும் மனுஷன் மாதிரி மெல்ல மெல்லப் படியேறின.

ஒரு வாரம் கழித்து மையத்தில் வாங்கிய தாளில் முந்நூற்றுத் தொண்ணூறு என்றிருந்தது. அந்தத் தாளை மடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

“இருபது சரி போட்டு எனக்கு முந்நூத்தித் தொண்ணூறு. உன் எழுநூத்திப் பத்தும் உன்னோடதுதாம்மா. வேற யாரோடதும் இல்ல.”

மகளுக்கு அப்போதுதான் விஷயம் முழுக்கப் புரிந்தது. “என் மார்க்கைத் திருப்பிக் குடுக்கவா போனீங்க?”

“வாங்க மாட்டேன்னுட்டாங்க.”

அவள் தன் மார்க் தாளை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டாள். சாயங்காலம் அப்பாவின் தாளை எடுத்துப் பார்த்தவள், பத்துக் கேள்விக்கு வம்புக்கென்றே தப்பாகச் சொன்ன கதையைக் கேட்டு, தரையில் உட்கார்ந்து சிரித்தாள்.

மகள் கல்லூரியில் சேர்ந்த மாதமே லிஃப்ட்காரர் பெயருக்கும் ஒரு கடிதம் வந்தது. ஆள் சேராமல் தவித்த ஒரு சின்னக் கல்லூரி, முந்நூற்றுத் தொண்ணூறைப் பாராட்டிச் சனிக்கிழமை வகுப்புக்கு அழைத்திருந்தது. மனைவி விடவில்லை.

“கூப்பிட்டவங்களை மதிச்சுப் போய்ட்டு வாங்க. வீட்டுல இருந்தா அந்த ஃபேனைக் கழட்டிப் போடுவீங்க.”

சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனார். வகுப்பு மூன்றாவது மாடியில். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது.