கறுத்த வேர்

பிடுங்கிய நெற்பயிரின் வேரைக் காலிதீன் வாய்க்கால் தண்ணீரில் அலசினார். கறுப்புப் போகவில்லை. மூக்கருகே கொண்டுபோனார், கூழ்முட்டை நாற்றம்.

"யூரியா போட்டும் பச்சை பிடிக்குதில்ல மனே."

வரம்பில் குந்தியிருந்த விவசாயப் போதனாசிரியர் பவிதரன் வேரை வாங்கிப் பார்த்தார்.

"இந்த முறை அறுத்த வைக்கல எரிக்கலையா காக்கா?" என்று அண்ணன் முறையில் கேட்டார்.

"எரிக்கக்கூடாதெண்டு நீங்கதானே கூட்டத்தில கதைச்சீங்க. அப்பிடியே உழுது தாட்டுட்டன்."

"தாட்டதில பிழையில்ல. இடைக்கிட தண்ணிய வடிக்கவும் சொன்னேனே."

கூட்டத்திலேயே அது காலிதீனின் காதில் ஏறவில்லை. பத்து வருடங்களுக்கு முன் குளம் வற்றி, கதிர் வரும் நேரத்தில் இந்த மாவடிப்பள்ளி வயல் முழுதும் கருகிப்போனது. அன்றிலிருந்து அவர் வரம்பைத் தாண்டி ஒரு சொட்டும் வெளியே போனதில்லை. 'தண்ணிப்பூதம்' என்று பட்டமும் வைத்துவிட்டார்கள்.

"மண்ணுக்குள்ள இருக்கிற பற்றீரியாவுக்கு வைக்கல்தான் சாப்பாடு," என்றார் பவிதரன். "தின்னக்குள்ள வைக்கலில இருந்து இலத்திரன் எண்ட மின்துகள் கழலும். அத எதுக்காவது குடுத்தாத்தான் அதுக்குச் சீவியம். காத்துப் பட்டா ஒட்சிசனுக்குக் குடுக்கும். தண்ணி மூடினா ஒட்சிசன் இல்ல. மண்ணில உள்ள இரும்புக்குக் குடுக்கும், பிறகு சல்பேற்றுக்கு. இது உவர் மண், சல்பேற்றுக்குக் குறைவில்ல. அது வாங்கினா வாறதுதான் இந்த நாத்தம். வேரக் கொல்றதும் அதுதான்."

"அப்ப நான் தீனியும் போட்டுக் கதவையும் சாத்திட்டன்."

"ஓம் காக்கா. அஞ்சு நாள் வடியவிடுங்க. மண் வெடிக்கட்டும்."

"வாய்க்கால்ல அடுத்த தண்ணி?"

"பத்து நாளாகும். பயிர் தாங்கும்."

"தாங்காட்டி?"

பவிதரன் வேரை வரம்பில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு காலிதீன் வரம்பை வெட்டி, தண்ணீர் வடியும் வக்கடையைத் திறந்தார். தண்ணீர் கீழ் வயலுக்கு ஓடியது.

"பூதம் வாயத் திறந்திட்டு!" அந்த வயல்காரர் கந்தப்போடி சிரித்தார். "பள்ளியில நோன்புக் கஞ்சி ஊத்துற மாதிரி ஊத்துறீங்க காக்கா."

காலிதீன் சிரிக்கவில்லை. பிற்பகல் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை வரம்பிலேயே நின்றார். மேட்டுப் பக்கம் சேறு தலைகாட்டியது. கருகிய அந்த வருடமும் நிலம் முதலில் அங்கேதான் வெடித்தது. மண்வெட்டியை எடுத்தார். நாலு வெட்டு மண் போட்டு வக்கடையை அடைத்தார். வாய்க்காலில் மிச்சமிருந்த தண்ணீரையும் வயலுக்குள் திருப்பிவிட்டார்.

மறுநாள் காலை பவிதரன் வந்தபோது வயலில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. காலிதீன் மூன்று பயிரைப் பிடுங்கிக் காட்டினார். வேர் கறுப்பாக இருந்தது. பவிதரன் குறிப்புப் புத்தகத்தில் ஏதோ எழுதிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் அக்கரைப்பற்றுப் பக்கம் போனார். பிடுங்கிய மூன்றையும் காலிதீன் அதே இடத்தில் திரும்ப ஊன்றினார்.